சாப்பிடாத உணவகத்தின் மேல் பிரியம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

கலிபோர்னியாவின் யவுன்ட்வில் என்ற சிற்றூரில் இருக்கும் 'ஃப்ரெஞ்ச் லாண்ட்ரி' உணவகத்தைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் படிக்கிறேன். அங்கே போனதில்லை, போவேன் என்றும் தோன்றவில்லை. அதை நடத்தும் சமையல் கலைஞர் தாமஸ் கெல்லரின் சால்மன் கூம்பை, அதாவது சால்மன் மீனை வைத்துத் தரும் மொறுமொறு கூம்பை, வீட்டில் செய்து பார்த்தேன், சுருட்டும்போதே நொறுங்கிவிட்டது. ருசியே பார்க்காத சமையலை வியப்பது வெறும் மயக்கம் என்கிறார்கள் வீட்டில். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

மயக்கம் என்று நான் சொல்ல மாட்டேன். நானும் அங்கே சாப்பிட்டதில்லை. ஆனால் கெல்லர் தன் வேலையை ஒளித்துவைக்காதவர். எதை ஏன் செய்கிறார் என்று விளக்கி எழுதியிருக்கிறார். சமைக்கத் தெரிந்தவர் அந்தக் காரணங்களைத் தன் அடுப்பிலேயே சோதித்துப் பார்த்துவிடலாம்.

பச்சைக் காய்கறியை அவர் வேகவைக்கும் விதத்தைப் பாருங்கள். பெரிய பாத்திரம், நிறையத் தண்ணீர், கடல்நீர் போல உப்பு. தளதளவென்று கொதிக்கும்போது காயைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். போட்ட பிறகும் கொதி அடங்கக் கூடாது. தண்ணீர் குறைவாக இருந்தால் காய் விழுந்ததும் சூடு இறங்கிவிடும். அந்த இடைப்பட்ட சூட்டில் காயிலுள்ள நொதிகள் நிறத்தைக் கெடுக்கும். காயிலிருந்து கசியும் அமிலமும் பச்சையை மங்கவைக்கும். நிறையத் தண்ணீரில் அது நீர்த்துப்போகும். மூடி போடாமல் வைத்தால் அதில் ஒரு பங்கு ஆவியோடு போய்விடும். வெந்ததும் ஐஸ் தண்ணீரில் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். ஒரு முறை செய்து பார்த்தவருக்கு அந்தப் பச்சை மறக்காது. அந்த உணவகத்தின் ஒரு பங்கு அப்போதே உங்கள் சமையலறைக்கு வந்துவிட்டது என்றே நான் நினைக்கிறேன்.

அளவு பற்றிய அவருடைய யோசனையும் எனக்கு மிகவும் பிடித்தது. முதல் சில வாய்களில் இருக்கும் ருசி போகப் போக மங்கிவிடும். 'இன்னும் ஒரு வாய் இருந்தால் தேவலை' என்று தோன்றும்போதே தட்டு காலியாகிவிட வேண்டும் என்கிறார். அதனால்தான் ஒன்பது சிறு பரிமாறல்கள். ஒரு வேளைச் சாப்பாட்டில் வந்த பொருள் மறுபடி வராது.

சரி, உங்கள் கூம்பு. அது எள் தூவிய மெல்லிய பிஸ்கட். சூடாக இருக்கும்வரைதான் வளையும், ஆறினால் உடைந்துவிடும். ஒரு தடவைக்கு மூன்று நான்கு மட்டும் சுடுங்கள். ஓவன் கதவைத் திறந்து, தட்டை அந்தக் கதவின் மேலேயே வைத்துக்கொண்டு சுருட்டுங்கள். விறைத்துப்போனால் திரும்ப உள்ளே தள்ளினால் இளகிவிடும். அந்த உணவகத்தில் இதையே தினமும் செய்து பழகிய கைகள் இருக்கின்றன. உங்களுக்கு நொறுங்கியதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

அப்புறம் இன்னொன்று. கெல்லர் அந்த உணவகத்தை வாங்கியது 1994-ல். ஒரு காலத்தில் சலவைக்கூடமாக இருந்த அந்தக் கல் கட்டடத்தில் 1978-ல் உணவகம் தொடங்கியவர்கள் டான் ஷ்மிட், சாலி ஷ்மிட் தம்பதி. சமையல் சாலியுடையது. அந்தந்தப் பருவத்தில் விளைந்ததை வைத்து, அன்றைக்கு வந்த எல்லாருக்கும் ஒரே மெனு. புகழெல்லாம் கெல்லரின் பெயரில் சேர்ந்துவிட்டது எனக்குக் கொஞ்சம் குறைதான். வீட்டுச் சமையலுக்கு அவரைவிட நெருக்கமானவர் சாலி. அடுத்து அவரைப் பற்றிப் படியுங்கள்.