புதுக் குளத்துத் தண்ணீர் பளிச்சென்று இருந்தால் நம்பாதீர்கள்

கேள்வி: கோவை பக்கம் வீட்டுக்குப் பின்னால் 10 அடி நீளம், 6 அடி அகலம், 3 அடி ஆழத்தில் சிமென்ட் குளம் கட்டியிருக்கிறோம். போர் தண்ணீர், சிறுவாணிக் குழாய்த் தண்ணீர் இரண்டும் உண்டு. மீன் விடுவதற்கு முன் தண்ணீரை எப்படித் தயார் செய்வது? எத்தனை நாள் ஆகும்?

ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும்ங்க. முதல் மீன் மூன்று, நான்கு வாரத்திலேயே போய்விடும், ஆனால் ஆசைப்பட்ட அளவுக்கு மீன் விட ஒன்றரை, இரண்டு மாதம் பொறுக்க வேண்டும். அதற்குள் விட்டுவிட்டு நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

எங்களுக்குக் கோபிசெட்டிபாளையம் பக்கம். வீட்டுப் புண்ணியார்ச்சனைக்கு, அதாவது புதுமனை புகுவிழாவுக்குச் சொந்தபந்தம் வரும்போது தொட்டியில் மீன் ஓட வேண்டும் என்று எனக்கு ஒரே அவசரம். கொத்தனார் பூச்சு வேலை முடித்துப் போன பத்தாம் நாள் போர் மோட்டாரைப் போட்டு நிரப்பினேன். தண்ணீர் என்றால் அப்படி ஒரு தண்ணீர், அடியில் கிடந்த ஒரு ரூபாய்க் காசில் வருஷம் படிக்கலாம் போல இருந்தது. சனிக்கிழமை நாற்பது தங்க மீன் வாங்கி விட்டேன். திங்கட்கிழமை விடியற்காலை பார்த்தால் ஒன்றுவிடாமல் வயிறு மேலே. மீன் கடைக்காரர் சீக்கு மீனைத் தள்ளிவிட்டார் என்று அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

விசேஷத்துக்கு வந்திருந்த அம்முச்சிதான் (அம்மாவைப் பெற்றவர்) தொட்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, புதுத் தொட்டி சுண்ணாம்பு கக்குமே, மீன் எப்படிப் பொழைக்கும்?" என்று கேட்டார். நான் நம்பவில்லை. தண்ணீர் தெளிவாகத்தானே இருக்கிறது என்றேன். உள்ளே போய் ஒரு சிட்டிகை மஞ்சள் தூளைக் கொண்டுவந்தவர், தொட்டித் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி அதில் குழைத்தார். மஞ்சள் அப்படியே செங்கல் நிறத்துக்கு மாறியது. "பாரு, ஆலாத்தித் தண்ணியாட்ட செவந்து போச்சு" என்றார். ஆலாத்தியில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்துதானே சிவக்கிறது. தொட்டியில் நாம் சுண்ணாம்பு போடவில்லை, சிமென்ட் போட்டது.

பள்ளிக்கூடப் பாஷையில் சொன்னால் இது பி.எச்., தண்ணீர் புளிப்பா காரமா என்று காட்டும் அளவு, ஏற ஏறக் காரம். மீனுக்கு 7லிருந்து 8.5 வரை இருந்தால் நல்லது. புது சிமென்டில் ஊறிய தண்ணீர் 10, 11 என்று ஏறி நிற்கும். மீனின் செவுளும் மேலே உள்ள வழவழப்பும் வெந்து போகும். அசைக்காமல் ஓரிரு நாள் விட்டுப் பாருங்கள், தண்ணீர் மேல் பால் ஆடை மாதிரி மெல்லிசாக வெள்ளையாக ஒன்று படியும். விரலால் தொட்டால் பொரபொரவென்று உடையும். சிமென்டிலிருந்து கரைந்து வந்த சுண்ணாம்பு காற்றில் இருக்கும் கரியமில வாயுவோடு சேர்ந்து படிவதுதான் அது. ஆடை படிவது நிற்கிற வரைக்கும் மீன் பேச்சே எடுக்காதீர்கள்.

உங்கள் குளம் 180 கன அடி. கன அடிக்கு 28.3 லிட்டர், ஆக ஏறக்குறைய 5,100 லிட்டர் பிடிக்கும். இந்தக் கணக்கைச் சுவரில் எழுதி வையுங்கள், பின்னால் உப்பு போடவும் மருந்து போடவும் இதுதான் ஆதாரம்.

விளிம்பு வரை நிரப்பி நான்கு நாள் ஊற விடுங்கள். வடித்துவிட்டு, தேங்காய் நாரால் சுவரை அழுத்தித் தேயுங்கள். சோப்பு, பினாயில் பக்கமே போகக் கூடாது. இரண்டாம் தடவை நிரப்பும்போது வாழைமரத்து அடிக்கட்டையைத் துண்டு போட்டு உள்ளே போடுங்கள். எங்கள் பக்கம் தார் வெட்டிய பிறகு மரம் வரப்பில் சும்மா கிடக்கும், கேட்டால் வண்டியில் ஏற்றியே விடுவார்கள். இந்த அளவுத் தொட்டிக்கு இரண்டு மரம் போதும். ஒரு வாரத்தில் கட்டை அழுகித் தண்ணீர் டீத்தண்ணி நிறத்துக்கு வந்து வாடை அடிக்கும். அக்கம்பக்கத்தில் ஏதாவது சொல்வார்கள், சொல்லட்டும். அழுகும்போது ஊறிவரும் புளிப்பு சுண்ணாம்பை அடக்குகிறது. வடித்து, கழுவி, இன்னொரு தடவை வாழைக்கட்டை. கடைசியாக வெறும் தண்ணீர் நிரப்பி மூன்று நாள் வைத்து மஞ்சள் சோதனை.

இந்தச் சோதனையை உள்ளங்கையில் செய்யாமல் இப்படிச் செய்யுங்கள்: வெள்ளைத் தாளில் வீட்டு மஞ்சளைக் குழைத்துத் தடவிக் காய வைத்து, நீளமாகக் கத்தரித்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டை மோட்டாரில் இருந்து வந்த போர் தண்ணீரிலும் இன்னொன்றைத் தொட்டித் தண்ணீரிலும் நனைத்து அருகருகே பாருங்கள். நம் பக்கத்துப் போர் தண்ணீரே கொஞ்சம் காரத்தன்மை உள்ளது, தாள் லேசாக ஆரஞ்சு தட்டினால் பயப்பட வேண்டாம். இரண்டும் ஒரே நிறத்தில் இருந்தால் சிமென்ட் அடங்கிவிட்டது. தொட்டித் தாள் மட்டும் சிவந்தால் இன்னொரு சுற்று. மீன் கடையில் கிடைக்கும் பி.எச். சொட்டு மருந்து இதைவிடத் துல்லியம்தான், வாங்க முடிந்தால் வாங்குங்கள். ஈரோட்டுக்காரன் மஞ்சளை விட்டுக்கொடுக்க மனம் வராமல் இதைச் சொல்கிறேன்.

தார்ப்பாய் விரித்த குளமாக இருந்தால் இதுவரை சொன்னது ஒன்றும் தேவையில்லை, ஒரு தடவை கழுவி நிரப்பினால் போதும்.

அப்புறம் எந்தத் தண்ணீர் என்ற கேள்வி. சிறுவாணி குடிக்க அமிர்தம், ஆனால் குழாயில் வருவதில் குளோரின் இருக்கும். நம்மைக் காக்கிற அளவே மீனின் செவுளுக்கு அதிகம். திறந்த தொட்டியில் இரண்டு நாள் வெயிலும் காற்றும் பட்டால் போய்விடும். அவசரம் என்றால் மீன் கடையில் குளோரின் எடுக்கும் மருந்து கேளுங்கள். அது பெரும்பாலும் தயோசல்பேட், பழைய போட்டோ ஸ்டுடியோக்காரர்கள் ஹைப்போ என்று சொன்ன அதே சரக்கு.

போர் தண்ணீரில் குளோரின் கிடையாது, ஆனால் எண்ணூறு, ஆயிரம் அடியிலிருந்து வருகிற தண்ணீரில் உயிர்க்காற்றும் இருக்காது. நேராக மீன் மேல் விட்டால் மூச்சு முட்டும். உயரத்தில் இருந்து சளசளவென்று விழுகிற மாதிரி விட்டு ஒரு நாள் ஆற வையுங்கள். வாய்க்கால் தண்ணீர் உப்பில்லாத மென்மையான தண்ணீர்தான், எங்களுக்குத் தடப்பள்ளி வாய்க்கால் கூப்பிடு தூரம், இருந்தும் நான் எடுப்பதில்லை. வயலுக்கு அடித்த மருந்து எப்போது கலந்து வரும் என்று சொல்ல முடியாது. தெரியாமல் ஒரு விரால் குஞ்சு வந்துவிட்டால் மற்ற மீனை எண்ணிக்கொண்டிருக்க வேலை இருக்காது. உங்களுக்கு நான் சொல்வது பாதி சிறுவாணி, பாதி போர். உப்புத் தண்ணீரின் கடுமை குறையும், பி.எச். ஒரே நிலையில் நிற்கவும் கொஞ்சம் கடினத்தன்மை வேண்டும்.

சரி, சிமென்ட் அடங்கியது, தண்ணீரும் ஆறியது. இப்போது விடலாமா என்றால், நான் இரண்டாவது தடவை தோற்றது இங்கேதான். முப்பது மீன் விட்டு, பிள்ளைகள் ஆளுக்கொரு கை தீனி போட, ஆறாம் நாள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அன்றைக்கும் தண்ணீர் கண்ணாடி போலத்தான் இருந்தது. நாற்றம்கூட இல்லை.

மீன் கழிவதும், தின்னாமல் விட்ட தீனி அழுகுவதும் அம்மோனியா ஆகும். மாட்டுக் கட்டுத்தரையில் காலையில் மூக்கைப் பிடுங்குமே, அதே வாயு. பழைய குளத்தில் இதைத் தின்று நைட்ரைட் ஆக்க ஒரு கூட்டம், அந்த நைட்ரைட்டைத் தின்று நைட்ரேட் ஆக்க இன்னொரு கூட்டம் என்று பாக்டீரியா கல்லிலும் சுவரிலும் ஒட்டிக்கிடக்கும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் விஷம், கடைசியில் வரும் நைட்ரேட் செடிக்கு உரம். புதுக் குளத்தில் இந்தக் கூட்டம் இரண்டுமே கிடையாது. நம் ஊர் வெயிலில் அவை பெருக மூன்று வாரத்திலிருந்து ஐந்து வாரம் பிடிக்கும். இதில் சிமென்ட் வேறு கூட்டுச் சேர்கிறது: பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் மீனைக் கொல்லும் வடிவத்தில் இருப்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை, 9 ஆகிவிட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு வந்துவிடும். அதனால்தான் தொட்டியை ஊற வைப்பதில் இவ்வளவு கறாராக இருக்கச் சொன்னேன்.

பாக்டீரியாவைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. தெரிந்தவர் வீட்டில் மீன் நன்றாக ஓடுகிற தொட்டி இருந்தால் அடியில் கிடக்கும் கூழாங்கல் ஒரு பக்கெட் கேட்டு வாங்கி, வழியில் காயவிடாமல் ஈரத்தோடு கொண்டுவந்து போடுங்கள். ஒரு பழைய டிரம்மில் ஜல்லி நிரப்பிச் சின்ன மோட்டாரில் தண்ணீரைச் சுற்ற விட்டால் அதுவே வடிகட்டி. ஜல்லியைக் கழுவ நேர்ந்தால் தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள். குழாயடியில் கழுவினால் குளோரின் அந்தக் கூட்டத்தைச் சாகடித்துவிடும். கொஞ்சம் பாசிச்செடியும் ஒரு அல்லியும் வைத்தால் அவையும் அம்மோனியாவை இழுத்துக்கொள்ளும்.

முதலில் பத்தே பத்து கப்பி விடுங்கள். கடினமான தண்ணீரைத் தாங்கும், தேங்கிய தண்ணீரில் கொசு வைக்கும் முட்டையில் வரும் புழுவையும் தின்னும். டெங்கு நாளில் தொட்டியை எட்டிப் பார்க்க வருகிறவர்களுக்குப் பதில் சொல்லவும் வசதி. குட்டி போட்டுத் தள்ளும், மிச்சத்தை வாய்க்காலில் மட்டும் விட்டுவிடாதீர்கள், அது நம்ம ஊர் மீன் இல்லை. தீனி இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவு, ஒரு நாளைக்கு ஒரு வேளை.

இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் தண்ணீர் பச்சையாகும். பெரும்பாலானவர்கள் இங்கேதான் பயந்துபோய் எல்லாவற்றையும் வடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார்கள். வடிக்காதீர்கள். தண்ணீரில் உயிர் பிடித்திருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம். அல்லி இலை விரிந்து நிழல் விழுந்தால் தானே குறையும். பச்சை ரொம்ப அடர்த்தியானால் மட்டும் விடியற்காலையில் உயிர்க்காற்று குறையும், அப்போது மோட்டாரை இரவு முழுக்க ஓடவிடுங்கள்.

அம்மோனியா, நைட்ரைட் பார்க்கும் சொட்டு மருந்து பெட்டி ஒன்று அவசியம் வாங்குங்கள், இதற்கு மஞ்சள் உதவாது. இரண்டும் ஏறி, இறங்கி, பூஜ்யம் ஆனால் அடுத்த பத்து மீன். நடுவில் மீன் மேலே வந்து வாயைத் திறந்தால் தீனியை நிறுத்தி, மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். செவுள் பழுப்பாக இருந்தால் நைட்ரைட். ஆயிரம் லிட்டருக்கு ஒரு கிலோ, உங்கள் தொட்டிக்கு ஐந்து கிலோ கல்லுப்பைக் கரைத்து ஊற்றினால் நைட்ரைட் ரத்தத்துக்குள் போவதை உப்பு தடுக்கும். என் முப்பதில் பதினொன்று இப்படித்தான் பிழைத்தன.

வெயில் காலத்தில் தண்ணீர் வற்ற வற்றப் போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் உப்பு சேர்ந்துகொண்டே போகும். ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தானே. பதினைந்து நாளைக்கு ஒரு தடவை ஐந்தில் ஒரு பங்கை எடுத்து முருங்கைக்கோ வாழைக்கோ ஊற்றிவிட்டு அப்புறம் நிரப்புங்கள்.

மீன் வாங்கி வந்ததும் பையைப் பிரிக்காமல் இருபது நிமிஷம் தொட்டியில் மிதக்க விடுங்கள். பிறகு வாயை அவிழ்த்து, பத்து நிமிஷத்துக்கு ஒரு டம்ளர் என்று தொட்டித் தண்ணீரை ஊற்றி, நான்கைந்து டம்ளர் ஆனபின் மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். கடைத் தண்ணீர் தொட்டிக்குள் வர வேண்டாம்.

மேலே ஒரு கொசுவலையாவது கட்டிவிடுங்கள். நாங்கள் கட்டவில்லை. எல்லாம் சரியாக வந்த பிறகு ஒரு மீன்கொத்தி துணி காயப்போடும் கம்பியில் உட்கார்ந்து மூன்று நாளில் ஏழு மீனைக் கொண்டுபோனது.