முன்னாள் படைவீரர் மருத்துவம்: கார்டு, கட்டணம், காத்திருப்பு – கேள்வி பதில்

ராணுவ மருத்துவப் படையிலும், ஓய்வுக்குப் பின் கொங்கு வட்டாரத்தில் முன்னாள் படைவீரர்களுக்கான பாலிகிளினிக் (வெளிநோயாளர் மருத்துவ மையம்) ஒன்றிலும் மருத்துவராக இருந்தவன் என்பதால், முன்னாள் படைவீரர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் என்னிடம் ஐயங்களைக் கேட்டு எழுதுவது வழக்கம். அண்மையில் வந்தவற்றில் பலருக்கும் பொதுவானவற்றைத் தேர்ந்து, பெயர்களை நீக்கி, இங்கே விடை தருகிறேன்.

என் தந்தையார் 1992-இல் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். இதயக் குழாய் அடைப்புக்காகக் கோவையில், திட்டத்தில் இணைந்த ஒரு மருத்துவமனைக்கு ரெஃபரலுடன் சென்றோம். "உங்கள் திட்டத்திலிருந்து பணம் வருவதில்லை, முன்பணம் கட்டுங்கள்" என்றார்கள். இது முறையா? – தாராபுரம்

முறையன்று. முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டத்தில், அதாவது நாம் ஈ.சி.எச்.எஸ். என்று சொல்லும் திட்டத்தில், இணையும் மருத்துவமனை, ரெஃபரலுடன், அதாவது பாலிகிளினிக் தரும் பரிந்துரைச் சீட்டுடன், வரும் நோயாளியிடம் முன்பணம் கேட்பதில்லை என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகே பட்டியலில் இடம் பெறுகிறது. உங்கள் தந்தையாருக்குரிய பொது வார்டை விட உயர்ந்த அறையை நீங்களாகக் கேட்டு வாங்கினாலோ, திட்டம் ஏற்காத பொருள்களைப் பெற்றாலோதான் அதற்குரிய தொகையை நீங்கள் செலுத்த வேண்டும். முன்பணம் கேட்டவரிடம் அதை எழுத்தில் தருமாறு கேளுங்கள். பெரும்பாலும் தரமாட்டார்கள், அத்தோடு பேச்சு மாறிவிடும். மாறாவிட்டால் அங்கிருந்தே உங்கள் பாலிகிளினிக்கின் பொறுப்பு அதிகாரிக்கும், கோவையில் உள்ள இத்திட்டத்தின் மண்டல மையத்துக்கும் தெரிவியுங்கள். அவசரத்தில் பணத்தைக் கட்டிவிட்டிருந்தால் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு புகார் கொடுங்கள்.

ஆனால் அந்த மருத்துவமனையார் சொன்னது முழுப் பொய்யும் அன்று. இந்தத் திட்டம் 2003 ஏப்ரல் 1-ஆம் தேதி, மத்திய அரசு ஊழியர்களுக்கான சி.ஜி.எச்.எஸ். திட்டத்தை ஒட்டித் தொடங்கப்பட்டது. உறுப்பினர் தம் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பங்களிப்புக் கட்டுகிறார். 2017 இறுதியில் திருத்தப்பட்ட விகிதப்படி ஹவில்தார் நிலை வரை 30,000 ரூபாய், சுபேதார் நிலையினருக்கு 67,000 ரூபாய், அதிகாரிகளுக்கு 1,20,000 ரூபாய். 1996 ஜனவரி 1-க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கு அதுவும் இல்லை. உங்கள் தந்தையார் அந்த வகையினர். கணவன், மனைவி இருவரின் ஆயுட்கால மருத்துவத்தை 30,000 ரூபாயைக் கொண்டு நடத்த முடியாது என்பதற்குக் கணக்கு வாத்தியார் வேண்டியதில்லை. ஆகவே செலவின் பெரும்பகுதியைப் பாதுகாப்பு அமைச்சகத்தின் ஆண்டு நிதி ஒதுக்கீடுதான் சுமக்கிறது.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. மருத்துவமனை அனுப்பும் பில்லை யு.டி.ஐ.ஐ.டி.எஸ்.எல். என்ற நிறுவனம் இணையவழியில் சரிபார்த்து, பிடித்தம் செய்து, மண்டல மையத்துக்கு அனுப்பிய பிறகே பணம் விடுவிக்கப்படும். அந்த ஆண்டுக்கான ஒதுக்கீடு தீர்ந்துவிட்டால், சரிபார்க்கப்பட்ட பில்லும் அடுத்த ஒதுக்கீடு வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். 2023-24-இல் மருத்துவச் செலவுக்கான தொகையை, ஆண்டு நடுவில் போடும் திருத்திய மதிப்பீட்டில் ஏறத்தாழ 70 சதவீதம் உயர்த்த வேண்டியிருந்தது என்பதிலிருந்தே, ஆண்டுத் தொடக்கத்தில் ஒதுக்குவதற்கும் உண்மையில் ஆகும் செலவுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பது விளங்கும். அதன் பிறகு ஆண்டுத் தொடக்க ஒதுக்கீடு ஏறித்தான் வந்திருக்கிறது: 2024-25-இல் 6,968 கோடி, 2025-26-இல் 8,317 கோடி, 2026-27-இல் 12,100 கோடி ரூபாய். பயனாளிகள் 60 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். அவர்களில் பலர் முதுமையை எட்டியவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இதைத் தாராளம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கட்டண விகிதமும் ஒரு காரணம். பெரும்பாலான சிகிச்சைகளுக்கு 2014-ஆம் ஆண்டின் சி.ஜி.எச்.எஸ். கட்டணமே பத்தாண்டுகளுக்கு மேல் நீடித்தது. 2025 அக்டோபர் 13 முதல் அது திருத்தப்பட்டது. டிசம்பர் 15 முதல் ஈ.சி.எச்.எஸ். திட்டத்துக்கும் அது பொருந்துகிறது. புதிய முறையில் இரண்டாம் நிலை நகரங்களுக்குச் சென்னை போன்ற முதல் நிலை நகரங்களை விடப் பத்து சதவீதம் குறைவு. கோவை இரண்டாம் நிலையில் இருக்கிறது. கேரளத்திலிருந்து கூட நோயாளிகள் தேடி வரும் ஊரில், பெரிய மருத்துவமனைகள் இந்தக் கட்டணத்தைப் பார்த்துத் தயங்குவதில் எனக்கு வியப்பில்லை. அந்தத் தயக்கத்தை நோயாளியின் கட்டிலருகே நின்று காட்டுவதைத்தான் நான் ஏற்கமாட்டேன்.

சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதம் தோறும் மாத்திரை வாங்க கோபியிலிருந்து வருகிறேன். ஆறு மாத்திரைகளில் இரண்டு "என்.ஏ." என்று எழுதிவிடுகிறார்கள். மருத்துவரும் அடிக்கடி மாறிவிடுகிறார். ஒரு சிப்பாயின் கைம்பெண் இதற்கு மேல் யாரிடம் கேட்பது? – கோபிசெட்டிபாளையம்

அம்மா, "என்.ஏ." என்று எழுதினால் கையிருப்பில் இல்லை என்று பொருள், உங்களுக்கு இல்லை என்று பொருளன்று. அந்தச் சீட்டில் மருந்தாளுநரின் கையெழுத்தும் முத்திரையும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்கிக்கொண்டு, பாலிகிளினிக்கோடு ஒப்பந்தம் செய்துகொண்டுள்ள மருந்துக்கடை வழியாக அந்த இரண்டு மாத்திரைகளையும் பெற வழி இருக்கிறது. அது எந்தக் கடை, எத்தனை நாளில் வரும் என்பதைக் கவுன்டரிலேயே கேட்டுவிடுங்கள். சீட்டை வாங்காமல் வீட்டுக்குத் திரும்பி, பக்கத்துக் கடையில் சொந்தப் பணத்தில் வாங்கினால் பின்னர் எதையும் கோர முடியாது. பெயர் மாறினாலும் உள்ளிருக்கும் மருந்து ஒன்றாக இருந்தால் அச்சமின்றிச் சாப்பிடலாம். ஒரு நிறுவனத்தின் மாத்திரைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்துப் பலர் இன்னொரு முறை பேருந்துச் செலவு செய்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மருத்துவர் மாறுவது பற்றிய உங்கள் குறை நியாயமானது. பாலிகிளினிக் மருத்துவர்களும் செவிலியர்களும் மருந்தாளுநர்களும் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படும் ஒப்பந்தப் பணியாளர்கள். வெளியில் கூடுதல் ஊதியம் கிடைக்கும் இளம் மருத்துவர் போய்விடுவார்; என்னைப் போல் ஓய்வு பெற்றவர் சில காலம் இருப்பார். நான் இருந்த இடத்தில் ஓராண்டில் மூன்று மருத்துவர்கள் மாறினோம். மூவருமே ஒரே சுபேதாருக்கு அதே இரத்தப் பரிசோதனையை மறுபடியும் எழுதிக் கொடுத்தோம். அதற்குப் பின் என்னிடம் வந்தவர்களையெல்லாம் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, சர்க்கரை அளவு, மருந்தின் பெயர், மாற்றிய தேதி ஆகியவற்றை எழுதி வரச் சொன்னேன். மருத்துவர் மாறினாலும் நோட்டு உங்கள் கையிலேயே இருக்கும்.

தாளவாடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறோம். இரவில் மாரடைப்பு வந்தால் திம்பம் மலைப்பாதையில் இறங்கித் திட்டப் பட்டியலில் உள்ள பேனல் மருத்துவமனையைத் தேடிப் போக வேண்டுமா? – தாளவாடி

வேண்டாம். இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து பண்ணாரிக்கு வருவதற்குள் காலம் கடந்துவிடும். உயிருக்கு ஆபத்து என்னும்போது, பட்டியலில் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல், சிகிச்சை தரக்கூடிய அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். உங்களுக்கு அது சாம்ராஜ்நகராகவும் இருக்கலாம். பட்டியலில் இல்லாத மருத்துவமனையாக இருந்தால், சேர்த்த 48 மணி நேரத்துக்குள் ஏதேனும் ஒரு பாலிகிளினிக்குக்குத் தகவல் தர வேண்டும் என்பதுதான் முக்கியம். நோயாளியே போக வேண்டியதில்லை, வீட்டார் யாரும் தெரிவிக்கலாம். தகவல் தந்ததற்கு அத்தாட்சி வாங்கிக்கொள்ளுங்கள்.

அங்கே பணத்தை நீங்கள் கட்டி, பிறகுதான் திரும்பப் பெற வேண்டும். திரும்பக் கிடைப்பதும் சி.ஜி.எச்.எஸ். கட்டண அளவுக்குத்தானே ஒழிய, கட்டிய முழுத் தொகையும் அன்று. அவசர நிலையில் சேர்க்கப்பட்டார் என்ற சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, பொருள்வாரியாகப் பிரித்த அசல் பில்கள், ஸ்டென்ட் வைத்திருந்தால் அதன் உறையில் இருக்கும் ஸ்டிக்கர் ஆகிய அனைத்தையும் மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். அந்த ஸ்டிக்கர் இல்லாமல் ஒரு பெரிய தொகை நின்றுபோனதை நானே பார்த்தேன். நிலைமை சீரானதும் பட்டியலிலுள்ள மருத்துவமனைக்கு மாற்றிக்கொண்டால் செலவு ஏறாது. சாதாரண நாட்களில் மைசூர்ப் பக்கம் போவது எளிதென்றால் அங்குள்ள பாலிகிளினிக்கிலும் உங்கள் ஈ.சி.எச்.எஸ். கார்டைக் காட்டலாம்.

என் மகனுக்கு 26 வயது, வேலை இல்லை. கார்டில் இருந்து நீக்கிவிட்டார்கள். – பல்லடம்

சரியாகத்தான் நீக்கியிருக்கிறார்கள். மகனுக்கு 25 வயது வரை, அல்லது திருமணமோ வருமானமோ வரும் வரை, இவற்றில் எது முந்தியதோ அதுவே எல்லை. மாற்றுத்திறனாளியாக இருந்து உங்களைச் சார்ந்திருந்தால் மட்டும் வயது வரம்பு இல்லை. உங்களோடு இருக்கும் பெற்றோரைச் சேர்த்திருக்கிறீர்களா என்று பாருங்கள். இருவரின் மொத்த மாத வருமானம் 9,000 ரூபாயும் அதற்கான அகவிலைப்படியும் என்ற வரம்புக்குள் இருந்தால் அவர்களுக்கு உரிமை உண்டு. விடுபட்டுப் போவது பெரும்பாலும் அவர்கள்தான்.

மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். அங்கே படைவீரர்களுக்கென்றே தனி மருத்துவமனைகள் உண்டாம். நம் அரசு ஏன் அப்படிக் கட்டித் தரக்கூடாது? – திருப்பூர்

அங்கே படைவீரர் நலத்துறையே ஏறத்தாழ 170 மருத்துவமனைகளை நடத்துகிறது. பதிவு செய்துகொண்டவர்கள் 90 லட்சத்துக்கும் மேல். ஆனால் கட்டடம் சொந்தமானது என்பதால் காத்திருப்பு இல்லாமல் போய்விடவில்லை. 2014-இல் பீனிக்ஸ் நகர மருத்துவமனையில், நோயாளிகள் எவ்வளவு காலம் காத்திருந்தார்கள் என்பதை மறைத்துப் போலியான பட்டியல் வைத்திருந்தது வெளிவந்து, துறையின் செயலரே பதவி விலக நேர்ந்தது. பின்னர் 2018-இல் வந்த சட்டத்தின் வழியே ஒரு அளவுகோலை வகுத்தார்கள்: முதல்நிலை சிகிச்சைக்கு சராசரியாக 30 நிமிடப் பயணம் அல்லது 20 நாள் காத்திருப்பு, சிறப்பு சிகிச்சைக்கு 60 நிமிடப் பயணம் அல்லது 28 நாள் காத்திருப்பு. இதை மீறினால் அரசு செலவில் வெளி மருத்துவமனைக்குப் போகலாம். நம் திட்டம் தொடக்கத்திலிருந்தே வெளி மருத்துவமனைகளை நம்பியது. அவர்கள் பட்ட பிறகு அந்தப் பக்கம் வந்திருக்கிறார்கள்.

நாம் அவர்களிடம் கற்க வேண்டியது கட்டடத்தை அன்று, பணம் தரும் முறையை. 2009-இல் இயற்றிய ஒரு சட்டத்தால், படைவீரர் மருத்துவத்துக்கான தொகையை அவர்களின் நாடாளுமன்றம் ஓராண்டு முன்கூட்டியே ஒதுக்கிவிடுகிறது. 2013-இல் நிதி ஒப்புதல் கிடைக்காமல் அமெரிக்க அரசின் பல அலுவலகங்கள் மூடிக்கிடந்தபோதும் இந்த மருத்துவமனைகள் திறந்திருந்தன. நம் மருத்துவமனைகளுக்கும் மார்ச் மாதத்தில், ஏப்ரலுக்கான பணம் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டுவிட்டது என்ற உறுதி கிடைத்தால், தாராபுரத்து நண்பரிடம் முன்பணம் கேட்டிருக்கமாட்டார்கள் என்பது என் கருத்து. முன்னாள் படைவீரர் சங்கங்கள் கூட்டம் போட்டு மனுக் கொடுக்கும்போது புதிய கட்டடத்தைக் கேட்பதோடு இதையும் கேட்கலாம்.

ஏழு ஆண்டுகள் பணியாற்றிப் பென்ஷன் இல்லாமல் வந்துவிட்டேன். வயது 68. ஈ.சி.எச்.எஸ். கிடைக்குமா? – அந்தியூர்

பென்ஷன் இல்லாத சிப்பாய்க்கு இத்திட்டம் பொதுவாக இல்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தில் பதிவு செய்யுங்கள். இதோடு நின்றுவிடாமல், படையிலிருந்து விடுவித்தபோது தந்த டிஸ்சார்ஜ் புக்கை எடுத்துக்கொண்டு முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் போங்கள். பென்ஷன் இல்லாத 65 வயதைக் கடந்த எளியவர்களுக்கான மாத உதவியை 2025 அக்டோபரில் 4,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தியிருக்கிறார்கள்; நவம்பர் முதல் தரப்படும் விண்ணப்பங்களுக்கு அது பொருந்தும். நிலம் சிறிது இருக்கிறதே என்று கூச்சப்பட்டுக் கேட்காமல் இருப்பவர்கள் நம் பகுதியில் அதிகம். தகுதி உண்டா என்பதை அந்த அலுவலகம் முடிவு செய்யட்டும்.

மகன் அக்னிவீரராகச் சேர்ந்திருக்கிறான். நான்காண்டு முடிந்து வந்தால் அவனுக்கும் இந்தக் கார்டு உண்டா? – சூலூர்

இல்லை. 2022-இல் அறிவிக்கப்பட்ட விதிமுறைப்படி, நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படாமல் நான்காண்டில் வெளிவருபவர்களுக்குப் பென்ஷனும் இல்லை, ஈ.சி.எச்.எஸ். உரிமையும் இல்லை. பணி முடிவில் கையில் மொத்தமாக வரும் சேவா நிதியில் வீட்டுக்கும் வண்டிக்கும் செலவிடும் முன், ஒரு மருத்துவக் காப்பீட்டுக்கு வழி செய்துவிடச் சொல்லுங்கள். இளம் வயதில் பிரீமியம் குறைவு. பணியில் இருக்கும்போது ஏற்பட்ட காயம் ஏதாவது இருந்தால், அதன் மருத்துவ ஆவணங்களின் நகல் இல்லாமல் அவன் படைப்பிரிவை விட்டு வரக்கூடாது.

பீரங்கிப் படையில் 17 ஆண்டுகள். இரண்டு காதும் மந்தம். ஓய்வின்போது எதுவும் பதியவில்லை என்பதால் சிகிச்சை தரமாட்டார்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். – பவானி

நண்பர்கள் இரண்டு வேறு விஷயங்களைக் குழப்பிவிட்டார்கள். குறைபாட்டுக்கான பென்ஷன் கேட்பதென்றால், அது பணியால் வந்தது என்று மருத்துவ வாரியம் ஏற்க வேண்டும். ஓய்வின்போது பதியாதது அங்கே தடையாகலாம், அதற்கு வேறு வழக்காட வேண்டியிருக்கும். சிகிச்சைக்கு அந்தக் கேள்வியே எழாது. காது எதனால் மந்தமானது என்று யாரும் கேட்கமாட்டார்கள். பாலிகிளினிக்கில் ரெஃபரல் வாங்கி, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஆடியோகிராம் (கேட்கும் திறன் சோதனை) எடுத்து, அவர் பரிந்துரைத்தால் காது கேட்கும் கருவியை உச்சவரம்புக்கு உட்பட்ட தொகையில் பெறலாம். முன் அனுமதி இல்லாமல் கடையில் வாங்கிவிட்டுப் பில்லை நீட்டாதீர்கள். கருவி வந்த முதல் சில வாரங்கள் பாத்திரச் சத்தம்கூட எரிச்சலூட்டும். தினமும் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு மணி நேரம் என்று போட்டுப் பழகுங்கள். சரியாகப் பொருந்தவில்லை என்றால் அலமாரியில் வைத்துவிடாமல் அளவைத் திருத்தித் தரும்படி அதே மருத்துவரிடம் திரும்பிப் போங்கள்.