விண்டோஸ் 11 ஏறாத பழைய லேப்டாப்புக்கு

4 ஜிபி ராமும் ஆறாம் தலைமுறை ஐ3 பிராசசரும் உள்ள பழைய லேப்டாப்பில் விண்டோஸ் 11 ஏறவில்லை, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். தூக்கிப் போடாதீர்கள், விண்டோஸைப் போன்ற இன்னொரு இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டின் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடுங்கள். நீங்கள் சொன்ன 4 ஜிபி ராமில் அது நன்றாகவே ஓடும், காசு கிடையாது, மின்ட்டின் 22-ஆம் பதிப்பு வரிசைக்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட்டும் வரும்.

விண்டோஸ் 11 மறுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த ஆறாம் தலைமுறை ஐ3 பிராசசர்தான். மெஷினில் கோளாறு இல்லை, மைக்ரோசாஃப்ட்டின் பட்டியலில் அது இல்லை, அவ்வளவுதான். நல்ல மெஷினைக் குப்பைக்கு அனுப்ப இதெல்லாம் ஒரு காரணமா?

இன்ஸ்டால் செய்யும் முன் மின்ட்டைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே பூட் செய்து பாருங்கள். ஹார்டு டிஸ்க்கில் எதுவும் மாறாது. வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, மூடித் திறந்தால் திரை திரும்ப வருகிறதா, பிரிண்டர் அச்சடிக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

ஒன்று மட்டும் கவனம்: டேலி என்ற கணக்கு மென்பொருள் மின்ட்டில் நேரடியாக ஓடாது. உங்கள் அப்பாவின் கடைக் கணக்கு டேலியில்தான் இருக்கிறது என்றால் விண்டோஸை அழிக்காமல் பக்கத்திலேயே மின்ட்டைப் போடுங்கள், அதற்கும் முன்னால் கணக்கை வெளியே ஒரு பிரதி எடுத்துவிடுங்கள்.