+2 முடிச்சிட்டு டிகிரி இல்லாம ப்ரோகிராமர் ஆக முடியுமா? நான் ஆனேன், எப்படின்னு சொல்றேன்

காலேஜ் சேர வசதியில்ல, கோடிங் கத்துக்கிட்டு நேரா வேலைக்குப் போகலாமான்னு கேட்டிருக்கீங்க. வீட்ல அழுத்தம் ஜாஸ்தியா இருக்கும்னு நினைக்கிறேன், எனக்கும் இருந்துச்சு.

2014ல இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம், அப்பாவால தறி ஓட்ட முடியாம போச்சு, ஃபீஸ் கட்ட வழியில்லாம நின்னுட்டேன். ஈரோட்ல ஜவுளிக்கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் போட்டுத் தர்ற சின்ன ஆபீஸ்ல சேந்தேன். ப்ரோகிராமரா இல்லீங்க, ஸ்கேனர் மாட்டி, பிரிண்டர் ரிப்பன் மாத்தி, கடைக்காரர் திட்டுறத வாங்கிட்டு வர்ற சர்வீஸ் பையனா. மாசம் 6,000. ராத்திரி ஆபீஸ்லயே உக்காந்து அந்த பில்லிங் சாஃப்ட்வேரோட விபி 6 (விஷுவல் பேசிக்ங்கிற பழைய ப்ரோகிராமிங் மொழி) கோடைத் தொறந்து வரி வரியா படிப்பேன்.

2017 ஜூலை 1ல ஜிஎஸ்டி வந்துச்சு. சாஃப்ட்வேர் எழுதின அண்ணன் ரெண்டு மாசம் முன்னாடிதான் வேற வேலைக்குப் போயிருந்தார், ஓனர் என்னைப் பாத்து நீயே செய்டான்னுட்டார். அப்போ ரெடிமேட்ல 1,000 ரூபா வரைக்கும் 5%, அதுக்கு மேல 12%, அதையும் சிஜிஎஸ்டி (மத்திய அரசு பங்கு), எஸ்ஜிஎஸ்டி (மாநில அரசு பங்கு)ன்னு பாதி பாதியா காட்டணும். 299 ரூபா சட்டைக்கு வரி 14.95. பாதி 7.475, ரவுண்ட் பண்ணா ரெண்டுலயும் 7.48, கூட்டுனா 14.96. ஒரு பைசா எகிறுது! தினம் நூத்துக்கணக்குல பில் போடற கடை, ஆடிட்டர் விடுவாரா? மொத்த வரிய பாதியாக்காம, ரெண்டையும் தனித்தனியா ரவுண்ட் பண்ணி அதைக் கூட்டி மொத்தம் போடணும்னு புரிய எனக்கு மூணு ராத்திரி ஆச்சு.

2019ல கோயமுத்தூர்ல சொந்தமா சாஃப்ட்வேர் செஞ்சு விக்கிற ஒரு ப்ராடக்ட் கம்பெனி இன்டர்வியூல இந்த ஒரு பைசா கதையத்தான் சொன்னேன், முக்கால் மணி நேரம் அதுலயே கேள்வி கேட்டாங்க, எடுத்துக்கிட்டாங்க.

டிகிரியே வேஸ்ட்னு நான் சொல்றதா யாரும் சண்டைக்கு வராதீங்க. மத்த கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் செஞ்சு தர்ற ஒரு பெரிய சர்வீஸ் கம்பெனில மூணு ரவுண்டும் க்ளியர் பண்ணிட்டு, 15 வருஷ முழுநேரப் படிப்பு (ஸ்கூல் 12, டிகிரி 3) இல்லன்னு ஹெச்ஆர் நிறுத்தினப்போ நான் பட்டது எனக்குத்தான் தெரியும். முடிஞ்சா வேலை பாத்துட்டே படிங்க. ஐஐடி மெட்ராஸ் ஆன்லைன் டிகிரிக்கு ஜேஇஇ நுழைவுத் தேர்வு வேண்டாம், வருமானத்தப் பாத்து ஃபீஸ்ல சலுகையும் உண்டு. ஜோஹோ சாஃப்ட்வேர் கம்பெனி நடத்தற ஜோஹோ ஸ்கூல்ஸ்ல +2, டிப்ளமோ பசங்கள உதவித்தொகை குடுத்தே சொல்லித் தர்றாங்க, அதையும் ட்ரை பண்ணுங்க. வெளிநாடு ஆசை இருந்தா, ஜெர்மனி 2023 நவம்பர்லருந்து ஐடி ஆளுங்களுக்கு டிகிரி இல்லாமலே ப்ளூ கார்டு (அங்க தங்கி வேலை பாக்கற அனுமதி) தருது, ஆனா கடைசி 7 வருஷத்துல 3 வருஷ அனுபவமும் அதுக்கேத்த சம்பளமும் வேணும்.

நீங்க கேக்காத ஒண்ணு, ஆனா சொல்லாம இருக்க முடியல. நான் படிப்ப நிறுத்தினப்போ என் +2 ஒரிஜினல் மார்க் ஷீட்ட காலேஜ் தரல, மிச்ச ரெண்டு வருஷ ஃபீஸையும் கட்டிட்டு வாங்கிட்டுப் போன்னாங்க. படிக்காத வருஷத்துக்கு எதுக்குங்க ஃபீஸ்? ஆபீஸ் ரூம் வாசல்ல அப்பா கைல மஞ்சப்பையோட நாலு தடவை நின்னார். கடைசியில அம்மா செயின வித்து 40,000 கட்டித்தான் வாங்கினோம். ஒரிஜினல புடிச்சு வைக்கக்கூடாதுன்னு யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 அக்டோபர்ல அறிவிப்பே விட்டுச்சு, எங்களுக்கு அது லேட். நீங்க நாளைக்கு எங்க சேந்தாலும், சரிபாத்ததும் ஒரிஜினல கையோட திருப்பி வாங்கிடுங்க.