இத்தாலியில் கார்ப் பயணம்: ஊருக்குள் தங்கவா, பண்ணையிலா?

கார் எடுத்து இத்தாலியைச் சுற்றக் கிளம்புகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை தங்குமிடம் பற்றித்தான். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, நாங்கள் நால்வர், இரண்டு பேர் சின்னப் பிள்ளைகள். பத்து நாளில் ரோம், ஃபுளோரன்ஸ், டஸ்கனி கிராமங்கள் பார்க்க வேண்டும். ரோம் விமான நிலையத்திலேயே கார் எடுத்துவிடலாமா? நடுவில் எங்காவது ஒரே வீட்டில் தங்கி எல்லாவற்றையும் பார்த்துவிட முடியுமா?

முடியும், ஆனால் பாதி நாள் காரிலேயே போய்விடும். டஸ்கனியின் தெற்கே உள்ள வால் டோர்ச்சா பள்ளத்தாக்குப் பக்கம் தங்கினால் ஃபுளோரன்ஸ் போக மட்டும் ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆகும். பிள்ளைகளை வைத்துக்கொண்டு அதே தூரம் திரும்பியும் வர வேண்டும்.

நான் சொல்லும் கணக்கு எளிது. காருக்கு வேலை இருக்கும் இடத்தில் மட்டும் கார் வைத்திருங்கள். ரோமிலும் ஃபுளோரன்ஸிலும் அது சும்மா நிற்கும், நிற்பதற்கும் காசு கொடுக்க வேண்டும். அதனால் முதலில் ரோம் நடுவில் தங்குங்கள். அங்கிருந்து ஃபுளோரன்ஸுக்கு அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான். அங்கேயும் நடந்து போகிற தூரத்தில் அறை எடுங்கள். ஃபுளோரன்ஸை விட்டுக் கிளம்பும் காலையில் ட்ராம் பிடித்து பெரெத்தோலா விமான நிலையம் போய்க் காரை எடுத்தால், ஊருக்குள் ஓட்டாமலேயே நெடுஞ்சாலையைப் பிடித்துவிடலாம். மீதி நாலைந்து இரவும் வால் டோர்ச்சா பக்கம் ஒரே பண்ணை வீட்டில். பியென்சா, மோன்தால்சினோ, மோன்தெபுல்சியானோ மூன்றும் அக்கம்பக்கம். சியெனா ஒரு மணி நேரம். தினம் ஒரு ஊரில் பெட்டியைப் பிரித்துக் கட்டுகிற திட்டம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: ஊரின் நடுவிலேயே ஹோட்டல் போட்டாயிற்று. கார் நிறுத்த இடம் உண்டு என்றும் போட்டிருக்கிறார்கள். அப்புறம் என்ன பயம்?

இடம் இருக்கும். அங்கே போய்ச் சேருகிற வழியில்தான் சிக்கல். ஃபுளோரன்ஸ், சியெனா, பீசா, பொலோஞா என்று பழைய நகரங்கள் பலவற்றிலும் நடுப்பகுதி ‘இசட்.டி.எல்.’, அதாவது வெளி வண்டிகளுக்குத் தடை. தடுப்புக் கம்பியோ போலீஸோ இருக்காது, கேமரா மட்டும் நம்பர் பிளேட்டைப் படம் எடுக்கும். நுழைவாயில் பலகையில் ‘வார்கோ ஆத்தீவோ’ என்று எரிந்தால் வழி திறந்திருக்கிறது என்று பலர் நினைத்து உள்ளே போகிறார்கள். கேமரா வேலை செய்கிறது, நுழையாதே என்று பொருள். ‘நோன் ஆத்தீவோ’ என்றால்தான் போகலாம். அபராதம் வீட்டுக்கு வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். வாடகைக் கார் நிறுவனம் உங்கள் விவரத்தைக் கொடுத்ததற்கென்று தனியாக ஒரு தொகை பிடிக்கும். வழி தெரியாமல் இரண்டு முறை சுற்றி நுழைந்தால் இரண்டு அபராதம்.

தடைப் பகுதிக்குள் இருக்கும் ஹோட்டல்கள் பல, விருந்தினர் வண்டி எண்ணை நகராட்சியிடம் பதிந்து தருகின்றன. உங்கள் ஹோட்டலும் செய்யுமா, எந்த வழியாக வர வேண்டும் என்று எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரமாக வையுங்கள். வாடகைக் காரின் எண் கையில் வாங்கிய பிறகுதான் தெரியும் என்பதால் அன்றே அனுப்ப மறக்காதீர்கள். இதெல்லாம் தலைவலி என்றால் ஃபுளோரன்ஸுக்கு நல்ல மாற்று ஒன்று உண்டு. ஏ1 நெடுஞ்சாலையிலிருந்து நேராக நுழைகிற வில்லா கோஸ்தான்சா நிறுத்தத்தில் காரை விட்டுவிட்டு ட்ராமில் ஊருக்குள் போகலாம்.

தெருவில் நிறுத்துவதானால் கோட்டின் நிறத்தைப் பாருங்கள். வெள்ளை பொதுவாக இலவசம், நீலத்துக்குக் கட்டணம், மஞ்சள் நமக்கில்லை.

கேள்வி: ‘அக்ரிதூரிஸ்மோ’, அதாவது பண்ணைத் தங்குமிடம் என்று பார்க்கிற இடமெல்லாம் நீச்சல் குளத்தோடு ரிசார்ட் மாதிரி இருக்கிறதே, இது பண்ணையா? நாங்கள் சைவம், சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

பண்ணைதான். அந்தப் பெயரில் ஆள் தங்க வைக்க விவசாயம் நடந்தாக வேண்டும், அதுவே முதன்மைத் தொழிலாகவும் இருக்க வேண்டும் என்று சட்டமே உண்டு, 1985 முதல். ஆலிவ், திராட்சை, ஆட்டுப்பால் சீஸ் என்று ஏதாவது ஒன்று இருக்கும். குளம் கூடுதல் வருமானத்துக்கு. ஜூலை, ஆகஸ்டில் பல இடங்களில் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை, முழு வாரமாகத்தான் தருவார்கள். ஒன்றிரண்டு இரவு போதும் என்றால் மே அல்லது செப்டம்பர் பாருங்கள்.

சைவம் பெரிய பிரச்சினை இல்லை, முன்கூட்டிச் சொன்னால். டஸ்கனியின் ஏழைச் சமையலே ரொட்டி, பீன்ஸ், காய் வைத்துத்தான். பூண்டும் தக்காளியும் போட்ட தடித்த பீச்சி பாஸ்தா அவசியம் சாப்பிட்டுப் பாருங்கள். பார்மிஜானோ சீஸ் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும், பாலைத் திரிய வைக்கிற ரெனட் சேர்த்துச் செய்வது. கண்டிப்பான சைவர்கள் அதையும் சொல்லிவிட வேண்டும். சமையலறை உள்ள வீடாக எடுத்தால் சாதம், ரசத்துக்கும் வழி பிறக்கும்.

கேள்வி: பண்ணையில் தங்கினால் ராத்திரி சாப்பிட ஊருக்குள் போய் வரலாம்தானே?

போகலாம், ஆனால் யோசித்துத்தான். ஏழரைக்கு முன் பல உணவகங்கள் திறக்காது. முடித்துக் கிளம்பும்போது கும்மிருட்டு, தெருவிளக்கில்லாத வளைவுச் சாலை, கடைசித் துண்டு பெரும்பாலும் சரளை மண். காட்டுப்பன்றி குறுக்கே வரும். ஒயின் குடித்தவர் ஓட்டக்கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. லைசென்ஸ் எடுத்து மூன்று வருடம் ஆகாதவர்களுக்கு அளவே பூஜ்யம். வீடு தேடும்போதே, இரவுச் சாப்பாடு அங்கேயே கிடைக்குமா, அல்லது கிராமத்துக்கு நடந்து போகலாமா என்று பாருங்கள். எனக்கு இதுதான் குளத்தைவிட முக்கியம்.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி. மலை மேல் இருக்கிற ஊர்கள் சரிப்படுமா?

தங்குவதற்குச் சரிப்படாது. கார் மதிலுக்கு வெளியே நின்றுவிடும், அங்கிருந்து கல் பாவிய ஏற்றத்தில் பெட்டியோடு நடக்க வேண்டும். லூக்கா நகரம் சமதளம், மதிலுக்குள்ளேயே தங்கலாம். பீசா ரயிலில் அரை மணி. பண்ணை வீடானால் தரைத்தளம் கேளுங்கள், ‘பியானோ தெர்ரா’ என்றால் புரிந்துகொள்வார்கள். பழைய வீடுகளில் லிஃப்ட் இருக்காது.

கேள்வி: வெனிஸ்?

கார் ஊரின் நுழைவில் இருக்கிற பியாட்சாலே ரோமா சதுக்கம் வரைதான் போகும். அதற்கு முன்பே காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வெனிஸுக்குள்ளேயே ஒரு இரவாவது தங்குங்கள். செலவுதான், ஆனால் பகல் கூட்டம் வடிந்த பிறகு கிடைக்கிற வெனிஸ் வேறு. காசு இடித்தால் எதிர்க்கரையில் இருக்கிற மெஸ்த்ரேயில் ரயில் நிலையத்தை ஒட்டித் தங்குங்கள். பத்து நிமிட ரயில்.

கேள்வி: இந்திய லைசென்ஸ் போதுமா?

போதாது, சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். ஆட்டோமேட்டிக் கார் வேண்டுமென்றால் சீக்கிரமே பதிவு செய்யுங்கள், அங்கே கியர் வண்டிதான் அதிகம்.

கேள்வி: பாரிஸிலிருந்து சிசிலி போகிறோம். பலெர்மோவில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அங்கேயே தங்கித் தீவு முழுக்கப் பார்க்கலாமா?

தீவு அவ்வளவு சின்னதில்லை. பலெர்மோவில் இருந்து தென்கிழக்குக் கரையில் இருக்கும் சிராகூசா போய்த் திரும்புவது ஒரு நாளுக்குத் தாங்காது. பலெர்மோவில் ஈழத் தமிழர்கள் நிறைய இருப்பதால் தங்குமிடமும் சோறும் உங்களுக்குக் கவலையில்லை. சந்தை, தேவாலயங்கள், நம்மவர்கள் மத வேறுபாடில்லாமல் போகிற பெல்லெக்ரினோ மலை சாந்த ரொசாலியா குகைக் கோயில் எல்லாவற்றையும் கார் இல்லாமல் முடியுங்கள். பிறகு கார் எடுத்துத் தென்கிழக்கில் நோத்தோ, ராகூசா பக்கம் ஒரு பண்ணையில் மூன்று நாள் இருந்துவிட்டு, கத்தானியாவில் காரை விட்டுவிட்டு அங்கிருந்தே விமானம் ஏறுங்கள். வேறு ஊரில் விடுவதற்குக் கூடுதல் கட்டணம் கேட்பார்கள், பதியும்போதே விசாரித்துக்கொள்ளுங்கள்.