தொப்பூர் இறக்கத்தில் வந்த அதிவேக அபராதத்தை எதிர்த்து வழக்காட முடியுமா?

தொப்பூர் கணவாயில் அதிவேகமாகச் சென்றதாக உங்கள் காருக்கு இ-சலான் வந்திருப்பதாகவும், அதை நீதிமன்றத்தில் மறுக்கலாமா, தோற்றால் மேல்முறையீடு உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மறுக்கலாம், மேல்முறையீடும் உண்டு. ஆனால் பணத்தைக் கட்டிவிட்டு வழக்காட முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 200ஆவது பிரிவின்படி தொகையைச் செலுத்தினால் விவகாரம் அத்துடன் முடிந்துவிடும்.

தருமபுரியில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கும் என் மேசைக்கு இத்தகைய தாள்கள் அடிக்கடி வரும். பாலக்கோட்டிலிருந்து தக்காளி ஏற்றிச் செல்லும் ஓட்டுநர் ஒருவர் கொண்டுவந்த படத்தில், தார்ப்பாய் போர்த்திய வண்டியின் பின்புறமும் எண் பலகையும் தெளிவாக இருந்தன, ஓரத்தில் வேகம் அச்சாகியிருந்தது. அந்த வேகத்தை அளந்த கருவிக்குச் சான்று இருந்ததா என்பதற்கு மட்டும் தாளில் ஒரு வரியும் இல்லை. வழக்கின் உயிர் அங்கேதான் இருக்கிறது. "வேகமாக வந்தார்" என்று ஒரே ஒரு சாட்சி தன் கருத்தாகச் சொல்வதை மட்டும் வைத்துத் தண்டிக்கக் கூடாது, அக்கருத்து கருவியால் அளந்த கணிப்பை அடிப்படையாகக் கொண்டிருக்க வேண்டும் என்று 183(3) பிரிவு சொல்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021இல் சேர்க்கப்பட்ட 167ஏ விதியோ, வேகத்தை அளக்கும் கேமரா உள்ளிட்ட மின்னணுக் கருவிகளுக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒப்புதல் சான்று வேண்டும் என்றும், கண்காணிப்பு இருப்பதை அறிவிக்கும் பலகை சாலையில் இருக்க வேண்டும் என்றும், குற்றம் நடந்த 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும் என்றும் கூறுகிறது. சான்றையும் தேதிகளையும் குறுக்கு விசாரணையில் கேளுங்கள். "நான் மெதுவாகத்தான் வந்தேன்" என்ற வாதம் எடுபடுவது அரிது.

நீதிமன்றத்துக்கு வந்த அன்று சீக்கிரம் வீடு திரும்பும் அவசரத்தில் பலர் "ஒத்துக்கறேன் ஐயா" என்று சொல்லி அபராதம் கட்டிவிடுகிறார்கள். அப்படி ஒப்புக்கொண்டவர் பிறகு தண்டனையின் அளவையோ சட்டப்படியான தன்மையையோ தவிர வேறெதையும் மேல்முறையீட்டில் எழுப்ப முடியாது. மறுத்து, விசாரணைக்குப் பின் தண்டிக்கப்பட்டால், செஷன்ஸ் நீதிமன்றத்தில் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். மிகச் சிறிய அபராதங்களுக்கு மேல்முறையீடு கிடையாது என்றாலும், காருக்கான அபராதம் 1,000 முதல் 2,000 ரூபாய் வரை என்பதால் அந்தத் தடை உங்களுக்குப் பொருந்தாது.

ஆயிரம் ரூபாய்க்காக வக்கீல் கட்டணமும் வேலை நாட்களும் செலவழிப்பது, என் கணக்கில், சொந்தக் கார் வைத்திருப்பவருக்குக் கட்டுப்படியாகாது. ஓட்டுவதையே பிழைப்பாகக் கொண்டவரின் நிலை வேறு. இரண்டாம் முறை சிக்கினால் உரிமமே பறிபோகக்கூடும் என்பதால் அவர் முதல் வழக்கையே போராட வேண்டும். தீர்ப்பு பாதகமாக வந்தால் அன்றே சான்றிட்ட நகலுக்கு மனுச் செய்துவிடுங்கள். நகல் தயாராவதற்கு ஆகும் காலம் அந்த 30 நாள் கணக்கில் சேராது.