ஏடும் திரையும்: 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கேள்வி பதில்

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' நாவல் வரிசையையும், அதைத் தழுவி 2011 முதல் 2019 வரை எட்டு சீசன்களாக வந்த 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரையும் ஒப்பிட்டுக் கேட்கப்பட்ட கேள்விகளும் என் பதில்களும். கதையின் முடிச்சுகள் இங்கே அவிழ்க்கப்படுகின்றன.

கேள்வி: தொடரை முழுவதும் பார்த்துவிட்டேன். கதை தெரிந்த பிறகு நாவல்களைப் படிப்பதில் என்ன இருக்கிறது?

பதில்: நிறைய இருக்கிறது. நாவலின் அத்தியாயங்கள் பெரும்பாலும் ஒரு பாத்திரத்தின் பெயரையே தலைப்பாகக் கொண்டு, அவர் கண்டதையும் கேட்டதையும் நினைத்ததையும் மட்டுமே சொல்கின்றன. 1996இல் வெளிவந்த முதல் நூலில், தொடக்கப் பகுதியை விட்டுவிட்டால், மொத்தக் கதையும் எட்டுப் பேர் வழியாகத்தான் நமக்கு வந்து சேர்கிறது; அவர்கள் தவறாகப் புரிந்துகொண்டால் நாமும் அவர்களோடு சேர்ந்து தவறுகிறோம். ஸ்டார்க் குடும்பத்து மூத்த மகள் சான்சாவையே பாருங்கள்: தலைநகரைக் காக்க நடந்த பிளாக்வாட்டர் போரின் இரவில் சாண்டோர் கிளகேன் என்ற போர்வீரன் தன்னை முத்தமிட்டதாகப் பின்னர் அவள் நினைத்துக்கொள்கிறாள். அந்த இரவைச் சொல்லும் அத்தியாயத்தைத் திருப்பிப் படித்தால் அங்கே முத்தமே இல்லை. நினைவு தன்னைத் தானே திருத்தி எழுதிக்கொள்வதை, வெளியே நின்று முகத்தைப் பார்க்கும் கேமரா எப்படிக் காட்டும்?

கேள்வி: அப்படியென்றால் தொடர் எப்போதும் நாவலுக்குக் கீழேதானா?

பதில்: அப்படிச் சொல்ல மாட்டேன். முதல் சீசனில் மன்னர் ராபர்ட்டும் அரசி செர்ஸியும் மதுக் கிண்ணங்களோடு அமர்ந்து, தங்கள் திருமணம் எப்போதோ செத்துப்போனதைப் பற்றி அமைதியாகப் பேசிக்கொள்ளும் காட்சி நூலில் கிடையாது. முதல் நூலில் அவ்விருவருக்கும் அத்தியாயம் இல்லை என்பதால் அது இருக்கவும் முடியாது. இரண்டாம் சீசனில் சான்சாவின் தங்கை ஆர்யா, ஹாரன்ஹால் கோட்டையில் தான் யாரென்று காட்டிக்கொள்ளாமல், செர்ஸியின் தந்தை டைவின் லானிஸ்டருக்கு மது ஊற்றிக் கொடுக்கும் காட்சிகளும் தொடரின் சொந்தக் கற்பனையே. நூலில் அவள் அதே கோட்டையில் வேறு எஜமானர்களிடம்தான் வேலை செய்கிறாள். இந்த இடத்தில் என் ஓட்டு தொடருக்கே.

கேள்வி: டிரியன் தன் தந்தையைக் கொல்லும் காட்சி குறையுள்ளது என்று நூலைப் படித்தவர்கள் சொல்கிறார்களே, ஏன்?

பதில்: டைஷா என்ற பெயருக்காக. டைவினின் இளைய மகனான டிரியன் பதின்மூன்று வயதில் அவளை மணந்தான். அவள் காசுக்கு அமர்த்தப்பட்ட விலைமகள் என்று சொல்லி, தந்தை அந்தத் திருமணத்தைக் கொடூரமாகச் சிதைத்தார். முதல் சீசனில் டிரியன் இதைச் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். மூன்றாம் நூலில், சிறையிலிருந்து தம்பியை விடுவிக்கும் ஜெய்மி, அவள் விலைமகள் அல்லள், உண்மையாகவே நேசித்த ஓர் எளிய பெண் என்று ஒப்புக்கொள்கிறான். டிரியன் வில்லோடு தந்தையின் முன் போய் நிற்பதும், அவள் எங்கே என்று கேட்பதும் அதன் பிறகுதான். தொடரில் சகோதரர்கள் தழுவிக்கொண்டு பிரிகிறார்கள், டிரியனின் காதலி ஷே கொல்லப்படுகிறாள், அந்த ஒப்புதல் வாக்குமூலம் மட்டும் இல்லை. ஐந்தாம் நூல் முழுவதும் அதே கேள்வியை முனகியபடி கசந்து திரியும் டிரியனுக்குப் பதிலாகத் தொடரில் நமக்குக் கிடைத்தவர் நிதானமான ஓர் ஆலோசகர். அந்த நிதானம் எங்கிருந்து வந்ததென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கேள்வி: டிரியனின் மூக்கு?

பதில்: நூலில் போரில் பெரும்பகுதி போய்விடுகிறது. தொடரில் ஒரு தழும்போடு தப்பித்தார்.

கேள்வி: கடைசி சீசன்கள் சரிந்ததற்கு, நாவல்கள் முடியாமல் நின்றதுதானே காரணம்?

பதில்: பாதிக் காரணம் அதுதான். ஐந்தாம் நூல் 2011இல் வந்தது. தொடர் முடியும்வரை ஆறாவது வரவில்லை. மறுபாதி, கையில் இருந்ததையே தொடர் வெட்டியது. ஐந்தாம் நூலில், அரியணைக்கு உரிமை கோரும் டெனேரிஸின் அண்ணன் மகனும், குழந்தையாகவே கொல்லப்பட்டதாக நம்பப்பட்டவருமான இளவரசர் ஏகான் நான்தான் என்று சொல்லிக்கொண்டு ஓர் இளைஞன் படையோடு வந்து இறங்குகிறான். மக்கள் விரும்பி ஏற்கக்கூடிய அப்படி ஒரு போட்டியாளன் இருந்திருந்தால், டெனேரிஸின் மனக்கசப்பு மெல்ல மெல்ல வளர இடம் கிடைத்திருக்கும். அவன் தொடரில் இல்லாததால், ஆறே பகுதிகள் கொண்ட கடைசி சீசனில் சரணடைவைச் சொல்லும் ஒரு மணியோசைக்குள் அவள் தலைநகரையே எரிப்பவளாக மாற வேண்டியதாயிற்று. முதல் ஆறு சீசன்களுக்குத் தலா பத்துப் பகுதிகள் இருந்தன என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: நாவல்களை எந்த வரிசையில் படிப்பது?

பதில்: வெளிவந்த வரிசையிலேயே படியுங்கள். நான்காம் நூலும் ஐந்தாம் நூலின் பெரும்பகுதியும் ஒரே காலத்தில், வெவ்வேறு நிலப்பகுதிகளில் நடப்பவை. ஆகவே நான்காவதில் டிரியனுக்கும் ஜானுக்கும் டெனேரிஸுக்கும் அத்தியாயங்கள் இல்லையே என்று பதற வேண்டாம். மூவரும் அடுத்த நூலில் காத்திருக்கிறார்கள்.